கதவுக்கு வெளியே கிடந்த பெஞ்சு

குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சட்டம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். யாருக்கு எப்போது தகவல் தர வேண்டும், எந்த அறிக்கை எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். அதில் வராத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வயிற்றெரிச்சலைப் பற்றி.

சிரிக்க வேண்டாம். திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த வருஷங்களில் அயோக்கியர்களால் கெட்டுப்போன வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். நல்லவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பொறுக்காமல் கெடுத்த வழக்குகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகைதான் இன்னும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் எல்லாத் துறையும் ஒருங்கிணைந்துதான் உட்கார்ந்திருப்போம். 'இந்தக் குழந்தையை மீட்டது யார்' என்று ஒரு கேள்வி வந்தால் போதும், ஆளாளுக்குத் தொண்டையைக் கனைப்போம். நானும் கனைத்திருக்கிறேன். நன்றாகவே கனைப்பேன்.

நான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர். சனங்கள் வாயில் 'கவுன்சிலர் மேடம்'. வார்டு கவுன்சிலர் என்று நினைத்து, தெருவிளக்கு எரியவில்லை என்று என்னிடம் மனு கொடுத்தவர்களும் உண்டு. சமூகப்பணியில் முதுகலை, சென்னையிலும் பெங்களூரிலும் பயிற்சி. பேசாத குழந்தையைப் பேசவைப்பது எப்படி என்று இந்த மாவட்டத்திலேயே முறையாகப் படித்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. நினைப்பென்ன, உண்மையும் அதுதான்.

அப்படி இருக்கையில் எங்கள் பக்கத்து மகளிர் காவல் நிலையம் ஒன்றுக்கு ஒரு பெண் எஸ்.ஐ. வந்து சேர்ந்தார். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். என்னைவிட ரொம்பச் சின்னவர். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிடப் பெரிசு. கூட்டத்துக்குத் தாமதமாக வருவார், வந்ததும் எல்லோரும் அவருக்கு இடம் விடுவார்கள். நான் ராத்திரி பகலாக எழுதிய அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "சூப்பருங்க மேடம்" என்பார். என்னைப் பார்த்தால் பெயர் நினைவு வராமல் விழிக்கிற கலெக்டர், அவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பேப்பரில் அவர் படம் அடிக்கடி வரும். இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். குழந்தைகள் அவரிடம் ஒட்டிக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு பயிற்சியும் இல்லாமல், சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு, பிள்ளைகளின் தலையில் தட்டிக்கொண்டு திரிகிற ஒருவரிடம் அவை ஏன் போக வேண்டும்? வீட்டில் சாப்பிடும்போதுகூட இதையே பேசுகிறேன் என்று என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் போய்விடுவார்.

இனி வழக்குக்கு வருகிறேன். ஊர் பெயரையும் பிள்ளையின் பெயரையும் கேட்காதீர்கள். ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் ஒரு கிராமம், ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண் குழந்தை. நான் பாப்பா என்றே சொல்கிறேன். அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வருவார். அம்மா விடிவதற்கு முன்பே பூப்பறிக்கக் காட்டுக்குப் போய்விடுவார். வீட்டை நடத்துவது அப்பாவின் தம்பி, பாப்பாவுக்குச் சித்தப்பா. ஊரில் நல்ல பெயர். கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கிற ஆள்.

சில நாட்களாகப் பள்ளி விட்டும் பாப்பா வீட்டுக்குப் போகாமல் வகுப்பறையைக் கூட்டுகிறேன், பெஞ்சைத் துடைக்கிறேன் என்று நின்றிருக்கிறாள். வகுப்பு டீச்சர் ஒரு நாள் காலையில் தனியாகக் கூப்பிட்டு ஏனென்று கேட்டிருக்கிறார். பாப்பா சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. ஒரு குழந்தைக்கு நடக்கக் கூடாதது நடந்திருந்தது, நடந்துகொண்டும் இருந்தது, செய்தவர் அந்தச் சித்தப்பா. அது போதும்.

டீச்சர் பதறிப்போய்த் தலைமை ஆசிரியையிடம் ஓடினார். தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. பள்ளியின் பெயர் என்ன ஆகுமோ என்று பயந்தவர், அவ்வளவுதான். தன் காதால் கேட்காமல் எப்படிப் போலீசுக்குச் சொல்வது என்று பாப்பாவைத் தன் அறைக்கு வரவழைத்தார். பாப்பா சொன்னதும் அவர் கேட்டது இது: "சித்தப்பாவா? நல்லா யோசிச்சுச் சொல்லு." பாப்பா யோசித்தாள். சித்தப்பா இல்லை, வேறு யாரோ என்றாள். தலைமை ஆசிரியை அதையே மகளிர் காவல் நிலையத்துக்குப் போனில் சொன்னார்.

இதற்கிடையில் வகுப்பு டீச்சர், தலைமை ஆசிரியை அமுக்கிவிடுவாரோ என்ற சந்தேகத்தில், குழந்தைகள் உதவி எண்ணுக்கும் அழைத்துவிட்டார். அங்கிருந்து களப்பணியாளர் பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். நல்ல பெண், துடியான பெண். போலீஸ் வருவதற்குள் தங்கள் தரப்பு விவரத்தை வாங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம். மறுபடி முதலிலிருந்து சொல்லம்மா என்றிருக்கிறாள். பாப்பா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை, கனாக் கண்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆக, மதியத்துக்குள் மூன்று பேர், மூன்று பதில். பள்ளி வாசலில் போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் ஊர் கூடிவிட்டது. சித்தப்பாவும் வந்துவிட்டார், கூட நாலு பெரிய மனிதர்களும். 'பிள்ளை வாய்க்கு வந்ததை உளறுது, ஆளுக்கொண்ணு சொல்லுது, இதுக்குப் போயி எங்க குடும்ப மானத்த வாங்குறீங்களா' என்று பேச்சு. அம்மா ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளையையும் அம்மாவையும் திண்டுக்கல்லுக்கு, எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாலையில் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். பொழுது சாய்வதற்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பிள்ளை இன்று இரவு எந்த வீட்டில் படுக்கும்? ஆளுக்கொரு பதில் சொல்கிற குழந்தை என்று அவர்களுக்குப் பட்டுவிட்டால், உறவினரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே அனுப்பிவிட வாய்ப்புண்டு. அந்த வீட்டில் சித்தப்பா இருப்பார். இனிமேல் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவும் மாட்டாள்.

எங்கள் அலுவலகத்தில் குழந்தைகளோடு பேசுவதற்கென்று ஒரு அறை உண்டு. சுவரில் யானை, கிளி எல்லாம் நான் நின்று வரையவைத்தவை. பொம்மைகள், கலர் பென்சில்கள் எல்லாம் நான் தேடித்தேடி வாங்கியவை. பாப்பாவை அங்கே உட்காரவைத்தேன். அவர்கள் வந்து சேர்வதற்குள்ளேயே நான் வகுப்பு டீச்சரிடம் போனில் பேசி, காலையில் பாப்பா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை கேட்டு வைத்திருந்தேன். இனி என் முறை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. மற்றவர்கள் குழப்பிவைத்ததை நான் அவிழ்க்கப் போகிறேன் என்ற சந்தோஷம்.

பாப்பா பொம்மைகளைத் தொடவே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாயா என்றேன், தலையாட்டினாள். தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் என்றேன். முட்டை என்றாள், சத்துணவில் போட்டது. அடுத்து என்ன கேட்பது என்று நான் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள்.

"டீச்சர், எது சரின்னு நீங்களே சொல்லிருங்க. நான் அதையே சொல்லிர்றேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் பொறுமையாக எனக்கு விளக்கினாள், மக்குப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல. வகுப்பில் பதில் சரியாக இருந்தால் டீச்சர் 'உக்காரு' என்பார். தப்பாக இருந்தால்தான் 'மறுபடி சொல்லு, நல்லா யோசிச்சுச் சொல்லு' என்பார்.

"மொதல்ல சொன்னது தப்பு போலருக்கு. அதான் பெரிய டீச்சர் யோசிக்கச் சொன்னாங்க. மாத்திச் சொன்னேன். அதும் தப்பு. அப்பறம் ஸ்கூட்டி அக்கா மறுபடி கேட்டாங்க."

அவள் பொய்யே சொல்லவில்லை பாருங்கள். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் 'உக்காரு' என்று சொல்கிற பதிலைத் தேடித்தேடி, கடைசியில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்கிற பதிலுக்கு வந்து சேர்ந்திருந்தாள். எங்கள் தொழிலில் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. ஒவ்வொருவருக்கும் தன் காதால் கேட்க வேண்டும். அடுத்த துறை கேட்டது நம் கோப்புக்கு ஆகாது. கேட்டவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள், தண்ணீர் கொடுத்து, தலையைத் தடவித்தான் கேட்டார்கள். அவளுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சிவப்பு மையில் தப்புக் குறி விழுந்துகொண்டிருந்தது.

நான் வாயில் வைத்திருந்த கேள்வியை விழுங்கினேன். அதைக் கேட்டிருந்தால் நாலாவது பதில் வந்திருக்கும். இனி இந்தப் பிள்ளையிடம் ஒரே ஒருவர், ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும். மற்ற எல்லோரும் அதை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். அந்த ஒருவர் யார்? முறைப்படி பார்த்தால் நான். படிப்புப்படி பார்த்தாலும் நான்.

அந்த நேரத்தில் எஸ்.ஐ. வந்தார். சீருடையில் வரக்கூடாது என்ற அளவுக்குச் சட்டம் தெரிந்தவர்தான், சுடிதாரில் வந்தார். வரும்போதே ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். மாடிப்படியில் செருப்பு வார் அறுந்துவிட்டதாம். அறைக்குள் எட்டிப் பார்த்தவர், என்னையும் கவனிக்காமல், பிள்ளையையும் கவனிக்காமல், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து செருப்பில் ஊக்குக் குத்தப் பார்த்தார். ஊக்கு அவர் விரலில் குத்தியது. ஸ்ஸ் என்று உதறினார். பாப்பா நாற்காலியிலிருந்து இறங்கினாள். குடுங்கக்கா, எனக்குக் குத்தத் தெரியும் என்று செருப்பை வாங்கிக்கொண்டாள். ரெண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தப் பாழாய்ப்போன செருப்பைச் சரிசெய்தார்கள். ஊக்குப் போட்டு முடித்ததும் எஸ்.ஐ. எழுந்து நாலடி நடந்து காட்டினார். வார் மறுபடி பிய்ந்துகொண்டது. பாப்பா சிரித்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

என் யானையும் கிளியும் சுவரில் இருந்தபடியே இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தை என்னென்று சொல்வது. இத்தனை வருஷப் படிப்பும் பொம்மையும் ஒரு பிய்ந்த செருப்புக்கு முன்னால் நிற்கவில்லை. எஸ்.ஐ. மேல் கோபம், பாப்பா மேல்கூட ஒரு கணம் கோபம். அந்தக் கோபத்தோடுதான் நான் அடுத்த முடிவை எடுத்தேன். மனசு தெளிந்து, பெருந்தன்மை பொங்கி எடுத்தேன் என்று உங்களிடம் கதைவிட மாட்டேன். பிள்ளை யார் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்ததோ அவர்தான் கேட்க வேண்டும். அது கண்ணெதிரே நடந்துவிட்டது. பார்க்கவில்லை என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எஸ்.ஐ.யைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, பாப்பா என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நீங்கள் ஒருவர் மட்டும் கேளுங்கள், ஒருமுறைதான் கேட்க வேண்டும், 'அப்படியா' என்றுகூடச் சொல்லக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது என்றேன். வகுப்பு டீச்சரிடம் பிள்ளை என்னதான் சொன்னாள் என்று கேட்டார். தலைமை ஆசிரியை போனில் சொன்ன 'யாரோ ஒருத்தர்' என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். நான் சொல்ல மறுத்துவிட்டேன். தெரிந்தால் அந்தப் பதிலை நோக்கியே கேள்வி போகும்.

"நீங்களும் கூட உக்காருங்க மேடம். நீங்க படிச்சவங்க. நான் ஏதாச்சும் ஏடாகூடமா கேட்டுப்போடுவனுங்க."

கூட உட்கார எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு முகம் இருந்தால் பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும், எந்த முகம் 'சரி' என்கிறது என்று தேடும். நான் வரவில்லை என்றேன். எஸ்.ஐ. உள்ளே போனார். கதவு மூடுவதற்குள் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"கண்ணு, இது பரீட்சை இல்ல. சரி தப்பே கெடையாது. நீ சொல்றத நான் கேட்டுக்குவேன். ரெண்டாவது தடவ கேக்கவே மாட்டேன்."

இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகச் சொன்னார். அதற்கும் எனக்குப் பொறாமை.

தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். உட்காருவது சும்மா வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அரை மணி நேரத்துக்குள் ஆள் மாற்றி ஆள் அந்தக் கதவைத் தட்ட வந்தார்கள். உதவி எண் ஒருங்கிணைப்பாளர் நேரிலேயே வந்துவிட்டார். முதல் போன் எங்களுக்குத்தான் வந்தது, நாங்கள் பேசாமல் எப்படி என்றார். உட்காருங்கள் சார் என்று பெஞ்சைக் காட்டினேன். தலைமை ஆசிரியை போனில் அழைத்து, தானும் வந்து பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு நானே பேசினேன். பரிசோதனைக்குக் கூட்டி வரும்போது உடம்பைப் பாருங்கள், கதையைக் கேட்காதீர்கள், கதை எங்களிடம் இருக்கும் என்றேன். அவர் ஒருவர்தான் மறுபேச்சில்லாமல் சரி என்றார். ஒருங்கிணைப்பாளர் என் பக்கத்தில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். நானும் உர்ரென்றுதான் இருந்தேன். உள்ளே என்னவோ பேச்சுச் சத்தம், நடுவில் ஒரு சிரிப்பு, பிறகு நீண்ட அமைதி. ஒவ்வொரு சத்தத்துக்கும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தேன்.

பெஞ்சின் மறு ஓரத்தில் பாப்பாவின் அம்மா இருந்தார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"பெத்தவ நான் இருக்கேன். எங்கிட்ட சொல்லாம டீச்சர்ட்ட சொல்லிருக்கா. இப்ப யாரோ போலீசம்மாட்ட சொல்றா. எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அழுகையைவிட அதில் ஆற்றாமைதான் அதிகம். அவருக்கும் அதே நோய். மகளுக்கு நடந்த கொடுமை ஒரு பக்கம் வெட்டுகிறது, அது தன் காதுக்கு வரவில்லையே என்பது இன்னொரு பக்கம் அறுக்கிறது. அந்த இரண்டாவது வலியை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் அவர் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார் என்று தோன்றியது. சில குழந்தைகள் அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்தே அம்மாவிடம் சொல்வதில்லை என்று சொன்னேன். அது புத்தகத்தில் உள்ள பதில், உண்மையான பதிலும்கூட. ஆனால் அதோடு நான் நிறுத்தவில்லை. எனக்கும் உள்ளே போய்க் கேட்க வேண்டும்போலத்தான் இருக்கிறது, முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், என் தோள் படுகிற தூரத்துக்கு.

எஸ்.ஐ. வெளியே வந்தபோது அவருடைய அந்தப் பெரிய குரலைக் காணோம். என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். ஆள் யார், எங்கே, எப்போதெல்லாம் என்று பாப்பா சொன்னது, காலையில் வகுப்பு டீச்சரிடம் சொன்னதோடு அப்படியே பொருந்தியது. அவள் பயன்படுத்திய வார்த்தைகள்கூட அதே வார்த்தைகள். நான் அப்போதுதான் டீச்சர் சொன்னதை அவருக்குச் சொன்னேன்.

மாலையில் நலக் குழு கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். நேர்மையானவர், கறார் பேர்வழி. சித்தப்பா நேரில் வரவில்லை. ஆனால் அவர் தரப்புப் பெரியவர்கள் வந்து, ஒரு பிள்ளை ஒரே நாளில் மூன்று விதமாகப் பேசுகிறது, இதில் எதை நம்புவீர்கள் என்று கேட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகவே பட்டது. அதில்தான் ஆபத்து. நான் எழுந்து, முதல் பதிலும் கடைசிப் பதிலும் ஒன்று என்றேன். எஸ்.ஐ.க்கு முதல் பதில் தெரியாது, தெரியாமலே அதே இடத்துக்கு வந்திருக்கிறார். நடுவில் உள்ள இரண்டும் 'யோசித்துச் சொல்', 'மறுபடி சொல்' என்று கேட்டதால் வந்தவை. சொன்னது தப்பென்று நினைத்துத்தான் பிள்ளை பதிலை மாற்றியது என்பதை விளக்கினேன்.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "ரொம்ப சரிம்மா. பாப்பாவைக் கூப்பிடுங்க. எங்க முன்னாடி ஒரு தடவை சொல்லட்டும்" என்றார்.

இவ்வளவும் சொன்ன பிறகா என்று கத்தத் தோன்றியது. கத்தினால் அவர் விறைத்துக்கொள்வார், சட்டப்படி கேட்க எனக்கு உரிமை உண்டு என்பார், உண்மையிலேயே உண்டு. பிள்ளை பக்கத்து அறையில் இருந்தாள். கூப்பிட்டால் வந்து நிற்பாள், இந்த மீசைக்காரத் தாத்தாவுக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று முகத்தைப் பார்ப்பாள். சட்டம் பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. அவர் ஏன் கேட்கிறார் என்பது அந்த அறையில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. நாள் முழுக்க அதே நெருப்பில்தான் நான் வெந்துகொண்டிருந்தேன். அதனால் அதையே சொன்னேன்.

"சார், எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு. இது என் ரூமு, என் வேலை. பிள்ளை என்கிட்ட பேசல, எஸ்.ஐ. மேடத்துகிட்ட பேசுச்சு. நான் கதவுக்கு வெளிய உக்காந்திருந்தேன். உள்ள போயி ஒரே ஒரு தடவ என் காதால கேட்டுட்டா மனசு ஆறிரும்னு இருந்துச்சு. என் மனசு ஆறும் சார். பிள்ளை மறுபடி பதில மாத்தும்."

எஸ்.ஐ. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"அப்ப நானும் வெளிய உக்காரணுங்கிறீங்க."

"ஆமா சார். பெஞ்சுல என் பக்கத்துல எடம் இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன பேசிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் பாப்பா வந்ததும் நடந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கே இருந்தால் உனக்கு நல்லாயிருக்கும் என்று மட்டும் கேட்டார். பாப்பா யோசிக்காமல் சொன்னாள், கொடைரோட்டில் மாமா வீட்டில், அம்மாவும் வர வேண்டும். எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். ஊர்ப் பெரியவர்களும் பார்த்தார்கள், முறைத்தே பார்த்தார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நானும் போறேன்" என்றார். தலைவர் உத்தரவு போட்டார். பெரியவர்கள் ஏதோ முனகினார்கள். அவர் 'உக்காருங்க' என்றார்.

எஸ்.ஐ.யே தன் ஜீப்பில் அவர்களைக் கொண்டுபோய் விட்டார். சித்தப்பாவை அன்றே கைது செய்தார்கள். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் பாப்பா ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது, அது தவிர்க்க முடியாத சட்டம். இந்த ஜட்ஜ் அம்மாவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, அதனால்தான் கேட்கிறார், நீ முன்னால் சொன்னது தப்பு இல்லை என்று எஸ்.ஐ. சொல்லிக் கூட்டிப்போனார். பதில் மாறவில்லை. கோர்ட்டில் வழக்கு உறுதியாக நின்றது. பேப்பரில் எஸ்.ஐ. படம் வந்தது. உதவி எண்ணுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. தலைமை ஆசிரியைக்குக்கூட யாரோ சால்வை போர்த்தினார்கள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை என்று இப்போதும் சொல்லிக்காட்டுகிறேன் பாருங்கள். அவ்வளவுதான் என் முன்னேற்றம். பொறாமையை விட்டொழியுங்கள் என்று உங்களுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை, எனக்கே முடியாத காரியம் அது. வேலையில் அக்கறை உள்ளவர்களுக்குத்தான் அது வரும், அக்கறை இல்லாதவர் யார் கேட்டால் என்ன என்று வீட்டுக்குப் போய்விடுவார். வரட்டும். ஆனால் அதைப் பிள்ளை இருக்கிற அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். உங்கள் காது கேட்பதற்காக ஒரு குழந்தை இன்னொரு முறை சொல்ல வேண்டுமா என்று கதவில் கை வைக்கும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஒருங்கிணைப்பு என்று கூட்டத்தில் சொல்கிறார்களே, எனக்குத் தெரிந்து அது பாதி நேரம் வெளியே உட்காருகிற வேலைதான்.

நலக் குழு கூடிய மறுநாள் காலையில் எஸ்.ஐ. எனக்குப் போன் செய்தார். எதையோ சொல்ல வந்து சிரித்துக்கொண்டே இருந்தார். ஜீப்பில் போகும்போது பாப்பா அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டாளாம்.

"'அந்த பொம்ம ரூமு டீச்சர் எதுக்குக்கா வந்தாங்க? ஒண்ணுமே கேக்கலையே'ன்னு கேக்கறாளுங்க மேடம்."

அவருக்கு விளையாட்டு. எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. பிள்ளை ராத்திரி தூங்கினாளா என்று மட்டும் கேட்டேன். அவங்கம்மாகிட்ட இப்பத்தான் பேசினேன் என்றார் எஸ்.ஐ. மாமா வீடு ரயில் ரோட்டை ஒட்டினாற்போல இருக்கிறதாம், விடியவிடிய வண்டி போகுமாம்.

"அத்தன சத்தத்துலயும் முழிக்கவே இல்லீங்களாம்."